தகரக் கூரைப் பட்டறை: வெயிலுக்கு ஏசியா, குளிருக்கு ஹீட்டரா, முதலில் கூரையா?

இழைப்புளி கேட்டது:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். நீளம் 6 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் சராசரியாக 3 மீட்டர். மூன்று பக்கம் 9 அங்குலச் செங்கல் சுவர், முன்பக்கம் முழுக்க இரும்பு ஷட்டர். மேலே இரும்புச் சட்டத்தின் மீது தகரம், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. நீளமான சுவர் மேற்குப் பார்த்தது.

உள்ளே ஒரு டேபிள் ரம்பம், பிளேனர், சின்ன பேண்ட் ரம்பம். மூன்றுக்கும் பொதுவாக ஒரு டஸ்ட் கலெக்டர். அது தூசுக் காற்றைக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளிவிடும். வார நாட்களில் மாலையில் இரண்டு மணி நேரம், விடுமுறை நாளில் முழுநாளும் வேலை செய்வேன்.

வெயில் காலத்தில் மதியம் உள்ளே நிற்க முடிவதில்லை. சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் 40 காட்டுகிறது, ஆனால் உச்சந்தலையில் படுகிற சூடு அதைவிட அதிகமாகத் தெரிகிறது. ஃபேன் போட்டால் மேலே இருக்கிற சூடெல்லாம் கீழே வருகிறது.

குளிர் காலத்தில் காலையில் 8, 9 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது ஒட்டிய இணைப்புகளில் பசை காய்ந்து வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் மாதிரி நிற்கிறது, கையால் இழுத்தால் பிரிகிறது. டேபிள் ரம்பத்தின் வார்ப்பிரும்பு மேசையில் காலை நேரத்தில் ஈரம், இரண்டு நாளில் துரு.

ஒன்றரை டன் ஏசி ஒன்று, கேஸ் ஹீட்டர் ஒன்று என்று முடிவு செய்து வைத்திருந்தேன். ஒருவர் தகரத்துக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டினால் போதும் என்கிறார். இன்னொருவர் தெர்மாகோல் வேண்டாம், பளபளப்பான ஃபாயில் ஷீட் போதும் என்கிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எதை முதலில் செய்யலாம்?

---

நட்டுபோல்ட்டு:

கூரைக்கு மேலே வெள்ளை அடியுங்கள். வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதை முதலில் செய்யுங்கள், ஒரு நாள் வேலை. புதுத் தகரம் பளபளவென்று இருந்தாலும் வெயிலில் கொதிக்கும், ஏனென்றால் வாங்கிய சூட்டைத் திரும்ப வீசுவதில் வெறும் உலோகம் மிக மோசம். வெள்ளைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், ஏறிய கொஞ்சச் சூட்டையும் நன்றாக வீசிவிடும். கூரைக்கென்றே விற்கிற பூச்சு வாங்குங்கள், சுவர் பெயின்ட் மழைக்கு உரிந்துவிடும். தூசும் பாசியும் படிந்தால் பலன் குறையும், வெயில் காலம் தொடங்குவதற்கு முன் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

அப்புறம் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப் பக்கம் தரையோரமாகக் காற்று வர ஒரு திறப்பு. என் பட்டறை இதோடு நின்றுவிட்டது, ஏசி எல்லாம் இல்லை.

---

பனியறை:

குளிர்பதனக் கிடங்குகளுக்கு அறை கட்டுவதுதான் என் தொழில். வெளியே எரிகிற வெயிலில் உள்ளே மைனஸ் 18 வைத்துக் காட்ட வேண்டிய வேலை. ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, ஏசிக்காக ஒதுக்கிய பணத்தை முதலில் கூரைக்குத் திருப்புங்கள். கணக்கைப் பாருங்கள். உங்கள் கூரை 24 சதுர மீட்டர். நல்ல வெயிலில் வெறும் தகரம் 65 டிகிரி வரை போகும். உள்ளே 28 டிகிரி வேண்டுமென்றால் வித்தியாசம் 37. வெறும் தகரத்தின் வழியாக ஒவ்வொரு சதுர மீட்டருக்கும், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 7 வாட் உள்ளே இறங்கும். பெருக்கினால் 6 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. ஒன்றரை டன் ஏசியின் மொத்தத் திறனே 5.3 கிலோவாட்தான். சுவர், ஷட்டர், மோட்டார், நீங்கள் என்று எதையும் எண்ணுவதற்கு முன்பே கூரையிடம் ஏசி தோற்றுவிட்டது.

அதே கூரைக்கு அடியில் சூட்டைத் தடுக்கிற தெர்மாகோல் வகைப் பலகையை 50 மில்லிமீட்டர் கனத்தில் அடித்தால் 550 வாட் அளவுக்குத்தான் இறங்கும். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 100 மில்லிமீட்டர் அடித்தால் 300 வாட். முதல் 50 கொடுத்த லாபம் ஐந்தரைக் கிலோவாட், அடுத்த 50 கொடுப்பது கால் கிலோவாட். பட்டறைக்கு 50 போதும், கூடக் காசிருந்தால் 75. அதற்கு மேல் போவது என்னைப் போல மைனஸ் 18 வேண்டுகிறவர்களுக்கு.

தெர்மாகோலா ஃபாயிலா என்றால், இருவர் சொன்னதிலும் பாதி பாதி சரி. வெயில் காலத்தில் கூரையிலிருந்து கீழே வருகிற சூட்டில் பெரும்பகுதி கதிர்வீச்சு. உங்கள் உச்சந்தலையில் படுவது அதுதான், தெர்மாமீட்டரில் அது சரியாகத் தெரியாது. ஃபாயில் அதை நன்றாகத் தடுக்கும், ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்று இடைவெளி இருக்க வேண்டும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அது வெறும் அலுமினியம், சூட்டைக் கடத்தத்தான் செய்யும். குளிர் காலத்தில் கதை மாறும். உள்ளேயிருக்கிற சூடான காற்று தானே மேலே ஏறிக் கூரையைத் தொட்டு ஆறும், அங்கே ஃபாயில் மட்டும் இருந்தால் பெரிதாக உதவாது. உங்களுக்கு இரண்டு காலமும் பிரச்சினை என்பதால் பலகை கட்டாயம். ஃபாயில் கிடைத்தால் கூடுதல் லாபம்.

நான் அடித்தால் எப்படி அடிப்பேன் என்று சொல்கிறேன். சாதாரண வெள்ளைத் தெர்மாகோலுக்குப் பதிலாக எக்ஸ்பிஎஸ் பலகை எடுப்பேன், நீல நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ வரும். கனமாக இருக்கும், தண்ணீர் உறிஞ்சாது. அதைத் தகரத்தில் ஒட்ட மாட்டேன். இரும்புச் சட்டங்களுக்கு அடியில் தொடர்ச்சியாக ஓட்டுவேன். சட்டங்களுக்கு நடுவில் துண்டு துண்டாக வெட்டிச் செருகினால் ஒவ்வொரு சட்டமும் சூட்டுக்கு ஒரு பாலம். இரும்பு, எக்ஸ்பிஎஸ்ஸைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூடு கடத்தும். மெல்லிய சட்டம்தானே என்று நினைக்காதீர்கள், குளிர் காலையில் அந்தக் கோடுகளில்தான் முதலில் தண்ணீர் கோக்கும்.

பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் சட்டத்தின் ஆழத்துக்கு இடைவெளி தானாக வந்துவிடும். தாழ்வாரத்திலும் உச்சியிலும் அந்த இடைவெளியைத் திறந்து வையுங்கள், எலி புகாமல் வலை மட்டும் போதும். சூடான காற்று மேலே வெளியேறும். பலகையின் மேல் பக்கம் ஃபாயில் ஒட்டியதாக இருக்கட்டும், இரவில் தகரம் வியர்த்துச் சொட்டினால் அதன் மேல் வழிந்து தாழ்வாரத்துக்குப் போய்விடும். காலப்போக்கில் தூசு படிந்து பளபளப்பு குறையும், பரவாயில்லை, கீழே பலகை இருக்கிறது. பலகைகள் சேருகிற இடமெல்லாம் ஃபாயில் டேப். இதில் சோம்பல் கூடாது. விரல் நுழைகிற விரிசல் நாலு இருந்தால் அறைக் காற்று அதன் வழியாக மேலே போய் ஈரமாகத் திரும்பி வரும்.

துருவைப் பற்றிக் கேட்டீர்கள். மேசையைக் குனிந்து பாருங்கள். துரு வட்டவட்டமாக, வரிசையாக, தகரத்தின் மடிப்புக்கு நேர்கீழே இருந்தால் அது மேலிருந்து சொட்டியது. மேசை முழுக்க மெல்லிய பழுப்புப் படலமாக இருந்தால் இரும்பே வியர்த்திருக்கிறது. முதல் வகையைக் கூரை வேலை தீர்த்துவிடும். இரண்டாவது வேறு. இரவு முழுக்க 8 டிகிரியில் ஊறிய வார்ப்பிரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நீங்கள் எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறீர்கள், வெளிக்காற்று 18 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 12 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே தண்ணீர் விட்டுவிடும். இரும்போ எட்டில் இருக்கிறது. மேசைக்கு மெழுகு தேய்த்து, போர்வை ஒன்றைப் போட்டு, இரவில் அதன் அடியில் சின்னதாக ஒரு சூடு கொடுத்தால் போதும். மேசை காற்றைவிட ஓரிரு டிகிரி சூடாக இருக்க வேண்டும், அவ்வளவே.

கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். புகைபோக்கி இல்லாமல் ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே நிற்கும். துருவுக்கு நீங்களே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஆகிவிடும். பூட்டிய அறையில் கார்பன் மோனாக்சைடு வேறு.

---

தீப்பொறி:

பனியறை ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் வெல்டிங் ஆள்.

தெர்மாகோலோ எக்ஸ்பிஎஸ்ஸோ, அதைத் திறந்து போட்டு விடாதீர்கள். 12 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டால் முழுக்க மூடுங்கள். தீத்தடுப்பு ரகம் என்று எழுதியிருப்பதும் தீக்குச்சிக்குத் தாங்கும், அறையே பற்றினால் தாங்காது. உருகிச் சொட்டும், சொட்டு விழுந்த இடமும் எரியும், கரும்புகை ஒரு நிமிடத்தில் கண்ணை மறைக்கும். மரவேலைதானே, தீப்பொறி ஏது என்பீர்கள். உளி தீட்ட கிரைண்டர் ஓட்டுவீர்கள் அல்லவா? பொறி மரத்தூளுக்குள் போய் உட்கார்ந்தால் உடனே எரியாது, கனன்று கொண்டேயிருக்கும், நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகுதான் வேலையைக் காட்டும். பட்டறையில் நெருப்புக்கு வாய்ப்பு அதிகம் என்றால் ராக் ஊல் என்கிற பாறைப் பஞ்சைப் போடுங்கள், அது எரியாது. ஆனால் தும்பு பறக்கும், முழுக்க மூட வேண்டும்.

இரண்டு சின்ன விஷயம். கரைப்பான் கலந்த ரப்பர் பசையால் தெர்மாகோலை ஒட்டினால் பசை அதைத் தின்றுவிடும், பள்ளம் விழும். அதற்கென்று இருக்கிற பசை, இல்லாவிட்டால் திருகும் வாஷரும். பிவிசி ஒயர் தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் ஒயர் உறையின் மென்மையெல்லாம் போய் வருடப்போக்கில் உறை விரிசல் விட்டுவிடும். எல்லா ஒயரையும் குழாய்க்குள் இழுங்கள். பலகைக்கு நடுவில் புதைந்த ஒயர் சூட்டை வெளியேற்ற முடியாது என்பதால் பிளேனர் போன்ற கனமான சுமைக்கு ஓர் அளவு தடித்த ஒயராகப் போடுங்கள்.

---

இழைப்புளி:

நன்றி ஐயா, நன்றி அனைவருக்கும். மேசையைப் பார்த்தேன், இரண்டு வகைத் துருவும் இருக்கிறது! வட்டங்கள் சரியாக மூன்றாவது சட்டத்துக்கு நேர்கீழே.

ஏசியை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டேன். கேஸ் ஹீட்டர் இல்லையென்றால் குளிருக்கு என்ன வழி? சுவர்களுக்கும் பலகை அடிக்க வேண்டுமா? டஸ்ட் கலெக்டரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே, அதனால் பாதகமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

பனியறை:

டஸ்ட் கலெக்டருக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். உங்கள் பட்டறையில் கூரைக்கு அடுத்த பெரிய ஓட்டை அதுதான்.

சாதாரண வீட்டுப் பட்டறை டஸ்ட் கலெக்டர் மணிக்கு 1,300 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று வையுங்கள். உங்கள் அறையில் இருப்பதே 72 கன மீட்டர். மூன்று நிமிடம் சில வினாடியில் அறைக் காற்று முழுக்க வெளியே போய், அதே அளவு வெளிக்காற்று ஷட்டர் இடுக்கு வழியாக உள்ளே வரும். வெளியே உள்ளேயைவிட 10 டிகிரி குளிர் என்றால், வருகிற காற்றைச் சூடாக்க மட்டும் 4 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். எந்த ஹீட்டரும், எந்த ஏசியும் இதற்கு ஈடு கொடுக்காது. நல்ல பலகை அடித்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லையே' என்று வந்து நிற்பவர்கள் பலரிடம் நான் முதலில் கேட்பது, அறைக் காற்று எங்கே போகிறது என்பதுதான்.

அதற்காகக் கலெக்டரை நிறுத்திவிடாதீர்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. வழி இரண்டு. ஒன்று, நுண்ணிய தூசையும் பிடிக்கிற நல்ல வடிகட்டி போட்டுக் காற்றை உள்ளேயே திருப்புவது. வடிகட்டி மட்டமானதாக இருந்தால் பெரிய தூளைப் பிடித்து, நுரையீரலுக்குள் போகிற பொடியை மட்டும் அறை முழுக்கத் தூவும். இதில் காசு மிச்சம் பார்க்கக்கூடாது. இன்னொன்று, இப்போது இருக்கிறபடியே வெளியே தள்ளவிட்டு, அறுக்கும் நேரத்தில் மட்டும் ஓடுகிற மாதிரி வைப்பது. ரம்பத்தின் சுவிட்ச்சோடு இணைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. எனக்கு இரண்டாவது பிடிக்கும். அறுப்பதையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் அறுத்துவிடுங்கள், அப்புறம் இழைப்பு, இணைப்பு, ஒட்டு வேலை. வெயில் காலத்தில் மாலை வந்ததும் ஐந்து நிமிடம் கலெக்டரை ஓடவிட்டால் அடைந்து கிடந்த சூட்டுக் காற்றும் போய்விடும். காற்று உள்ளே வர ஒரு திறப்பு மட்டும் விட்டு வையுங்கள்.

இதை வைத்துத்தான் ஹீட்டரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றைச் சூடாக்குகிற ஹீட்டர் என்றால் கலெக்டர் அதை உறிஞ்சி எறிந்துவிடும். உடம்பையும் மரத்தையும் நேராகச் சூடாக்குகிற கதிர்வீச்சுப் பேனல் வாங்கி, வேலை மேசைக்கு மேலே தொங்கவிடுங்கள். சிவக்கச் சிவக்க எரிகிற கம்பி ரகம் வேண்டாம், தூசு இருக்கிற இடம். சிவக்காத, தட்டையான ரகம். வார்னிஷ் அடிக்கிற நாளில் அதையும் அணைத்துவிடுங்கள். காலுக்கு மேசைக்கு முன்னால் ரப்பர் பாயோ மரப்பலகையோ போட்டால் சிமென்ட் தரை காலின் சூட்டை உறிஞ்சாது. பாதம் குளிராமல் இருந்தால் 15 டிகிரியிலும் வேலை ஓடும்.

பசைக்கு அறையைச் சூடாக்கவே தேவையில்லை. மரப் பசை பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது, நீங்கள் பார்த்த சுண்ணாம்புத் தூள் அதுதான். காற்று 20 டிகிரி இருந்தாலும் மரம் 8 டிகிரி என்றால் அதே கதை. முந்தின நாள் இரவே மரத்தையும் பசையையும் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். கிளாம்ப் மாட்டியதும் மேலே ஒரு தடித்த போர்வை, அடியில் மிதமான சூடு. மூன்று, நான்கு மணி நேரம் அப்படியே விடுங்கள்.

சுவருக்கு வருகிறேன். 9 அங்குலச் செங்கல் வெயிலை வாங்கி உள்ளே கொடுக்க ஏழெட்டு மணி நேரம் எடுக்கும். மேற்குச் சுவரில் பிற்பகல் ஏறிய சூடு முன்னிரவில் தொடங்கி நள்ளிரவு வரை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் மாலைநேர ஆள், ஆகவே அது நேராக உங்கள் மேல்தான் விழுகிறது. இதற்கு உள்ளே பலகை அடிப்பதைவிட வெளியே நிழல் மேல். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தட்டியோ தகரமோ நிறுத்துங்கள், கொடி ஏற்றினாலும் சரி. வெயில் செங்கலைத் தொடவே விடாதீர்கள்.

குளிருக்கு மட்டும் உள்பக்கம் 25 மில்லிமீட்டர் பலகையும் அதன் மேல் ப்ளைவுட்டும் அடித்துக்கொள்ளலாம், அவசரமில்லை. முழுநாளும் ஓடுகிற பட்டறை என்றால் செங்கல் உள்ளே தெரிவதே நல்லது, வாங்கிய சூட்டைத் தேக்கி வைக்கும். இரண்டு மணி நேரம் மட்டும் வேலை செய்கிறவர் அதைச் சூடாக்கி முடிப்பதற்குள் படுக்கப் போகிற நேரம் வந்துவிடும். உள்ளே பலகை இருந்தால் அறை சீக்கிரம் சூடாகும்.

---

நட்டுபோல்ட்டு:

இடையில் ஒரு கேள்வி. ஏசிக்குப் பதில் ஏர் கூலர் வைத்தால் என்ன? மின்சாரம் கொஞ்சம்தான் இழுக்கும்.

---

பனியறை:

வறண்ட காற்றுள்ள இடத்தில் உடம்புக்கு நன்றாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்தால். பட்டறைக்கு நான் சொல்ல மாட்டேன். கூலர் செய்வதே தண்ணீரைக் காற்றில் ஏற்றுவதுதான். ஈரப்பதம் 50 சதவீதத்தில் மரத்தின் ஈரம் ஒன்பது சதவீதத்தில் நிற்கும், 80 சதவீதத்தில் பதினாறுக்குப் போகும். அப்படி ஊறிய பலகையில் இழுப்பறை செய்து வறண்ட வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள், சுருங்கி ஆடும்.

---

இழைப்புளி:

புரிகிறது ஐயா. கூரை, நிழல், ஷட்டர் எல்லாம் முடித்த பிறகும் ஏசி வேண்டுமென்றால் எத்தனை டன்? ஷட்டரின் இடுக்குகளை என்ன செய்வது?

---

பனியறை:

ஷட்டரின் இரு பக்கத் தடத்திலும் பிரஷ் பட்டை, கீழே ரப்பர். உருளை சுருண்டு நிற்கிற பெட்டியின் இடுக்கை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதற்கும் பிரஷ். இருட்டான நேரத்தில் உள்ளே நின்று, வெளியேயிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொன்னால் எங்கே வெளிச்சம் வருகிறதோ அங்கே காற்றும் வரும். வெயில் நேராக விழுகிற ஷட்டர் என்றால் உள்பக்கம் ஒரு தடித்த திரையும் போடுங்கள்.

ஏசி: கூரை 550 வாட், சுவரும் ஷட்டரும் சேர்ந்து 700, 800. குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற ஆள் 250. ரம்பம் இழுக்கிற மின்சாரம் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் மாறும், ஓடுகிற நேரத்தில் 1,500. கூட்டினால் 3 கிலோவாட் பக்கம். ஒரு டன் என்றால் மூன்றரைக் கிலோவாட், இன்வெர்ட்டர் ரகமாக வாங்கினால் தாராளம். குளிர் காலத்தில் சூடும் கொடுக்கிற மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும். பிளேனருக்கு எதிர்ச் சுவரில் மாட்டி, வடிகட்டி வலையை அடிக்கடி கழுவுங்கள். மரப்பொடி காயிலில் ஈரத்தோடு சேர்ந்து படிந்தால் பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் வெள்ளைப் பூச்சும் பலகையும் முடித்து ஒரு வெயில் காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தேவைப்படாமலே போகலாம். பலகைக்கு அளவெடுக்கும்போது சட்டங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் எழுதிப் போடுங்கள், எங்கே இணைப்பு வரவேண்டும், ஜிப்சம் தாங்க எத்தனை ரீப்பர் என்று சொல்கிறேன்.